சுவருக்குப் போட்ட வெளிச்சம்

பல் டாக்டர் ரெஜினாவிடம் படித்தவர்கள் ஊர் ஊராகக் கடை விரித்திருக்கிறார்கள். கைமீறிப் போன ஒரு கேஸ் வந்தால்தான் அவர்களுக்கு அந்த அம்மாளின் ஞாபகம் வரும். கோவர்த்தனனுக்கும் அப்படித்தான் வந்தது. தருமபுரிப் பக்கத்தில் சொந்த கிளினிக் வைத்து, தலையும் பாதி நரைத்த பிறகு, ஒரு காலையில் பஸ் ஏறி சேலத்துக்கு வந்து அவர் முன்னால் நின்றான்.

"என்னடா, மொகமே சரியில்ல?"

"ஒரு பொண்ணு மேடம். மாதேஸ்வரின்னு பேரு."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னான்.

அவன் ஊர்ப்பக்கம் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்கெல்லாம் பல்லில் பழுப்புக் கறை. ஊரே அப்படி இருப்பதால் யாரும் யாரையும் பழிப்பதில்லை. வெளியூர் வரன் வரும்போதுதான் அது குறையாகிவிடும். மாதேஸ்வரிக்கு வெளியூர் வரன் வந்தது. கோவர்த்தனன் அவள் பல்லில் வெளுக்க வைக்கும் ஜெல் தடவி, நீல லைட்டை வைத்தான். லைட்டை அணைத்த கையோடு போட்டோவும் எடுத்தான். அவன் கிளினிக்கில் அதுதான் வழக்கம். அதுவரை கையால் வாயைப் பொத்தியே சிரித்த பெண், கண்ணாடியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள். அந்தப் போட்டோ மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது. அவர்களும் சரி என்றார்கள்.

"நிச்சயத்துக்கு முந்தின நாள் மறுபடி வெச்சேன். கல்யாணத்துக்கு முந்தின நாளும் வெச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பழைய கலர் வந்துடுச்சு. ஏமாத்திக் கட்டி வெச்சுட்டீங்கன்னு மாமியார்காரி கொண்டாந்து விட்டுட்டுப் போயிட்டா. நாளைக்குப் பெரியவங்களை வெச்சுப் பேசப் போறாங்க. அதுக்குள்ள இன்னொரு தடவை லைட் வைங்க சார்னு அவங்கப்பா கால்ல விழாத குறை."

"பொண்ணு என்ன சொல்றா?"

"எதுவும் பேசறதில்ல. வாயத் தெறந்தா காத்து பட்டே கூசுதாம்."

ரெஜினாவின் முகம் இறுகியது. திட்டுவார் என்று பார்த்தான், திட்டவில்லை.

"ஜெல்லை இன்னும் காரமா போடணுமா, லைட்டை இன்னும் அதிக நேரம் வைக்கணுமா? எதுல நான் தப்பு பண்ணேன் மேடம்?"

"சேர்ல ஏறிப் படு" என்றார் ரெஜினா.

பிறத்தியார் வாயையே பார்த்துப் பழகியவனுக்கு அந்த நாற்காலியில் படுக்கக் கூச்சமாக இருந்தது. அவர் அவன் உதடுகளை விரித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார். வலது பக்கப் பற்களின் மேல் ஈரப் பஞ்சை வைத்தார். இடது பக்கத்தைக் காற்றடித்து விட்டார். கண்ணில் கறுப்புத் துணி போட்டார். லைட் எரியும் விர்ரென்ற சத்தம் கேட்டது. அப்படியே விட்டுவிட்டு, வெளியே காத்திருந்தவர்களைப் பார்க்கப் போய்விட்டார்.

தாடை விட்டுப்போகும் நேரத்தில் வந்து எல்லாவற்றையும் கழற்றிக் கண்ணாடியைக் கொடுத்தார். அவனும் அந்த ஊர்த் தண்ணீர் குடித்தவன்தான். வலது பக்கம் என்றைக்கும் இருக்கும் மங்கல். இடது பக்கம் பளிச்சென்று இருந்தது.

"லெஃப்ட்ல என்ன ஜெல் போட்டீங்க மேடம்?"

"ஜெல்லே போடலியே."

"அப்ப லைட் மட்டுமா?"

ரெஜினா கையைக் காட்டினார். லைட் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது. சுவரில் நீல வட்டம் ஒன்று விழுந்துகொண்டிருந்தது.

"சுவத்துக்குப் போட்டேன். உன் பல்லு காய்ஞ்சுது, காய்ஞ்ச பல்லு வெளுப்பாத் தெரியும், அவ்வளவுதான். சாயங்காலம் பாரு, தண்ணியும் எச்சியும் பட்டு ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும்."

கோவர்த்தனனுக்குத் தன் கிளினிக் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கும் போட்டோக்கள் நினைவுக்கு வந்தன. எல்லாமே லைட்டை அணைத்த கையோடு எடுத்தவை. வெட்கமாக இருந்தது. அதைவிட, பயமாக இருந்தது.

"அப்ப லைட் வெளுக்க வைக்கறதே இல்லியா?"

"வெளுக்கறது ஜெல். லைட் பெருசா எதையும் கூட்டறதில்ல. சூடு காட்டிக் காய வைக்கும். நீ கண்ணாடி குடுக்கற நேரத்துக்கு அழகா இருக்கும். அவளோடது உள்ள எறங்கின கறை. லேசான ஜெல்லை வீட்டுலயே போட்டுக்கிட்டு மாசக்கணக்குல பொறுக்கணும். அப்பவும் முழுசாப் போகும்னு சொல்ல முடியாது. முதல்ல அந்தக் கூச்சம் அடங்கட்டும்."

"மாசக்கணக்கா அவங்க பொறுக்க மாட்டாங்க மேடம். நாளைக்கு ஒரு நாள் வெள்ளையாத் தெரிஞ்சா போதும், உள்ள சேத்துக்குவாங்கன்னு அவங்கப்பா நம்பறாரு."

ரெஜினா சுவர்ப்பக்கம் போய் லைட்டை அணைத்தார்.

"மேடம், இன்னிக்கு சாயங்காலம் அந்தப் பொண்ணு வந்து ஒக்காந்திருப்பா. லைட் வைக்கட்டுமா, வேணாமா? அதையாவது சொல்லுங்க."

"வை."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"வெச்சு முடிச்சதும் அவகிட்ட நீயே ஒண்ணு சொல்லி அனுப்பு. அந்த வீட்டுல வாழற வரைக்கும் அவ வாயில தண்ணி படக் கூடாது."