கல்லறைக்குக் கொண்டுபோன பெயர்

கிரிசாந்தோ ரெலோவா மணிலாவில் வரலாற்றுப் பேராசிரியன். வயது நாற்பத்தேழு. பிலிப்பைன்ஸுக்குச் சுதந்திரம் வந்து இருபது வருஷம் ஆகியும் நம் மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிற துரை இன்னும் கப்பலேறவில்லை என்று மேடை மேடையாகப் பேசித் தொண்டை கட்டிப்போனவன். அதையே புத்தகமாகவும் எழுதி முடித்துவிட்டான். அச்சகத்தில் எல்லாம் தயார். அட்டையில் போடவேண்டிய அவன் பெயர்தான் பாக்கி.

அதைக் கேட்கத்தான் பஸ் ஏறிச் சொந்த ஊருக்கு வந்தான். அவனுக்கு முதல் எழுத்தைச் சொல்லிக்கொடுத்த மாயெஸ்த்ரா ஒலிம்பியா அங்கே இருந்தார். அமெரிக்கக் கொடி, ஜப்பான் கொடி, சொந்தக் கொடி என்று மூன்று கொடிகளுக்குக் கீழேயும் அதே பெருக்கல் வாய்ப்பாட்டை நடத்தி ஓய்ந்த பள்ளிக்கூடத்து டீச்சர். கிரிசாந்தோ குனிந்து அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். அந்த ஊரில் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வது அப்படித்தான்.

"ரெலோவாங்கற பேரு எனக்கு வேண்டாம், மாயெஸ்த்ரா."

"அது உன்னை என்ன பண்ணுச்சு?"

அவன் சொன்னான். நூறு வருஷத்துக்கும் முன்னால் ஸ்பானிய ஆளுநர் ஒருவர், ஜனங்களை எண்ணுவதும் வரி போடுவதும் சுலபமாக இருக்கட்டும் என்று ஒரு பெயர்ப் பட்டியலை அச்சடித்து, ஊருக்கு இத்தனை பக்கம் என்று பிரித்துக் கொடுத்தார். இந்த ஊருக்கு வந்தது ‘ஆர்’ பக்கம். மீன்காரி முதல் மேயர் வரைக்கும் இங்கே எல்லாருக்கும் குடும்பப் பெயர் அந்த எழுத்தில் தொடங்குவது அதனால்தான்.

"மாட்டுக்குச் சூடு வெச்ச மாதிரி," என்றான்.

"அதுக்கு முன்னாடி உங்க வீட்டுக்கு என்ன பேரு?"

"ஒன்பது வருஷமா மாதா கோயில் பதிவேடெல்லாம் புரட்டிட்டேன். அதுல ‘தெ லா குரூஸ்’னு இருக்கு."

"அதுவும் அவங்க வெச்சதுதானே?"

"ஆமா. அதுக்கும் முன்னாடி ஒண்ணுமே இல்ல." சொல்லும்போதே அவனுக்கு அலுத்துவிட்டது. "அதான் நானே ஒரு பேரு எடுத்துக்கிட்டேன். பல்யானா. பாதிரியாருங்க வர்றதுக்கு முன்னாடி நம்ம சாமிக்குப் பூசை செஞ்ச பொம்பளைங்களுக்கு அதுதான் பேரு. இங்க யாருக்கும் இப்ப ஞாபகமில்ல."

"உனக்கு மட்டும் எங்க கிடைச்சுது?"

"பழைய அகராதி ஒண்ணுல."

"யார் எழுதினது?"

கிரிசாந்தோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைக்க ஒன்றுமில்லை.

"ஒரு ஸ்பானியப் பாதிரியார்."

மாயெஸ்த்ரா சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது. அவனுக்கு வெட்கமாக இருந்தது, கோபம் வரவில்லை. கோபப்படுகிற தெம்பெல்லாம் கருத்தரங்குகளிலேயே தீர்ந்துபோயிருந்தது.

"நீங்களே சொல்லிடுங்க, மாயெஸ்த்ரா. ரெண்டுல எது என் பேரு? நாளைக்கு அச்சகத்துக்குத் தந்தி கொடுக்கணும்."

"முதல்ல இந்த டப்பாவைத் தூக்கு," என்றார் அவர்.

கறுப்புப் பெயிண்ட் டப்பா. மேலே ஒரு மெல்லிய பிரஷ். அன்று நவம்பர் ஒன்று, அனைத்துப் புனிதர் திருநாள். அந்த நாளில் ஊரே கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விடும். செத்துப்போனவர்களின் கல்லைத் தேய்த்துக் கழுவி, வெயிலிலும் மழையிலும் அழிந்த பெயர்களைப் பெயிண்டால் மறுபடி எழுதி, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அங்கேயே சாப்பிட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள்.

இரண்டு பேரும் மெதுவாக நடந்தார்கள். உள்ளே வரிசை வரிசையாக ‘ஆர்’. ஒவ்வொன்றின் முன்னாலும் யாராவது குந்தி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

கிரிசாந்தோவின் அப்பா கல் மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. அவர் போய்ப் பதினோரு வருஷம். ஒரே மகன் ஆறு வருஷமாக வரவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் அவனுக்கு எங்காவது மாநாடு இருந்தது. குந்தி உட்கார்ந்து கல்லைத் தேய்த்தான். ‘தெயோதூலோ’ என்ற முதல் பெயர் ஒருமாதிரி தெரிந்தது. குடும்பப் பெயர் சுத்தமாக அழிந்திருந்தது.

மாயெஸ்த்ரா பக்கத்துக் கல்லறை விளிம்பில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டார்.

"ம், எழுது."

"எதை?"

"உங்கப்பா பேரை. எது சரின்னு தோணுதோ அதை."

அவன் முதல் பெயரை எழுதி முடித்தான். அடுத்ததற்கு பிரஷை முக்கி எடுத்தான். கை கல்லுக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது.

"புத்தகத்துல மட்டும் மாத்திக்கலாம்னுதான் நெனச்சேன்," என்றான்.

"உன்னை ஒண்ணாங் கிளாஸ்ல சேர்த்த வருஷம், பாரத்துல பெருவிரல் ரேகை போதும்னு நான் சொன்னேன். உங்கப்பா கேக்கல. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் பள்ளிக்கூடத்துக்கு வந்து உக்காந்துப்பார். சணல் நார் உரிச்சு உரிச்சுக் கை பூரா வெட்டு. பென்சில் நிக்காது. ரெலோவாங்கறதை இங்கிலீஷ்ல எழுதுற ஆறு எழுத்துக்கு மூணு மாசம் ஆச்சு."

கிரிசாந்தோ திரும்பவில்லை. பிரஷிலிருந்து ஒரு சொட்டு அவன் செருப்பில் விழுந்தது.

"கையெழுத்துப் போட்டுட்டு அதையே ரொம்ப நேரம் பாத்தார். ‘டீச்சர், இனிமே இது என்னோடதா?’ன்னு கேட்டார்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வாரம் பூரா அறுபது பிள்ளைங்களோட கத்தின அசதி எனக்கு. ‘உங்க மகன் படிச்சுட்டு வந்து சொல்வான்’னு சொல்லி அனுப்பிட்டேன்."