குழாய் கட்டிய தில்லைக்கண்ணார்

திருநாவலங்குறிச்சியில் கோயில் கொண்டிருக்கும் நாவலீசருக்குத் தொண்டு செய்தவர்கள் பலர். பூத் தொடுத்தவர்கள், விளக்கேற்றியவர்கள், குளம் வெட்டியவர்கள் என்று அந்த வரிசை நீளமானது. அதில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டியவர் ஒருவர்தான். ஊரார் அவரைக் 'குழாய்' என்றே கூப்பிடுவார்கள். தில்லைக்கண்ணு என்று அவருக்கு ஒரு பெயர் இருப்பது ரேஷன் அட்டைக்கு மட்டும் தெரியும். நாம் தில்லைக்கண்ணார் என்போம். அந்த மரியாதையைக்கூடக் கொடுக்காவிட்டால் அடியார் கதை சொல்ல நாம் எதற்கு?

பகலில் அவர் கடைத்தெரு மைக்செட் கடையில் கூலி ஆள். கல்யாணமோ, காதுகுத்தோ, கருமாதியோ, தென்னை மரத்தில் ஏறிக் குழாய் கட்டுவார். முடிந்ததும் ஏறி அவிழ்ப்பார். மாலை நாலரைக்கெல்லாம் குளித்து, நெற்றி நிறைய நீறு பூசிக் கோயிலுக்கு வந்துவிடுவார். வெளிப்பிராகாரத்தைக் கூட்டுவார். பிறகு வாகன மண்டபத்து ஓரம் இருந்த சின்ன அறைக்குள் போய், சாயரட்சை பூசை தொடங்கும் நேரம் பார்த்து டேப் ரிக்கார்டரைப் போடுவார். தாமே பாடலாமென்றால், தகரத்தைத் தரையில் இழுத்தது போன்ற குரல். அது அவருக்கே தெரியும். ஆகவே நன்றாகப் பாடத் தெரிந்தவர்களின் குரலைத் தேடிப் பிடித்துச் சாமி காதில் சேர்ப்பதே தம் தொண்டு என்று வைத்துக்கொண்டார்.

ஒருநாள் பழைய பேப்பர் கடையில், யாரோ வீடு காலி செய்து போட்ட மூட்டையில் அட்டையில்லாத கேசட் ஒன்று கிடைத்தது. கடையில் கிடந்த பழைய ரிக்கார்டரிலேயே போட்டுக் கேட்டார். சிறுவர்கள் பாடினார்கள். மேளமில்லை, தாளமில்லை, சுருதிப்பெட்டிகூட இல்லை. ஒரு வரிசைப் பையன்கள் மேலே மேலே போக, இன்னொரு வரிசை கீழேயே நின்று காத்திருக்க, கடைசியில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்தன. பெரிய கல்மண்டபத்தில் நின்று பாடியது போல அவர்கள் நிறுத்திய பிறகும் ஓசை நின்றது. மொழி ஒரு சொல்லும் விளங்கவில்லை. தில்லைக்கண்ணார் பழைய பேப்பர் மூட்டையின் மேல் உட்கார்ந்து அழுதார்.

நேரே சோமாஸ்கந்த குருக்களிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினார். குருக்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"என்ன பாட்டு சாமி இது?"

"சாமவேதம்டா தில்லை. வடக்கே ஏதாவது பாடசாலைக் குழந்தைகளா இருக்கும். தாராளமாப் போடு."

குருக்களுக்கு அது சாமவேதம் இல்லை என்று தெரிந்திருந்ததா, தெரியாதா? இன்றுவரை எனக்கும் குழப்பம்தான். 'தெரியாது' என்று சொல்ல அவருக்கு வாய் வராது. அது மட்டும் ஊருக்கே தெரியும்.

மூன்று வருடம் சாயரட்சை தோறும் அந்தப் பாட்டு ஒலித்தது. கேட்டவர்களுக்குப் பிடித்துப்போனது. "எனக்கு ஒண்ணு பதிஞ்சு குடேன் குழாய்" என்று வந்து நின்றவர்களுக்கெல்லாம் தில்லைக்கண்ணார் மைக்செட் கடையில் வேலை முடிந்ததும் உட்கார்ந்து பதிந்து கொடுத்தார். கொடுக்கும்போது, "மொத ரெண்டு நிமிசம் சும்மா கேளுங்க. அப்புறம் ஒரு பையன் தனியாப் பாடுவான், அங்க மூச்சை விட்டுறாதீங்க" என்று சொல்லி அனுப்புவார். எண்ணெய்ச் செக்குக்காரர் வீட்டிலும் அது பாடியது, தபால்காரர் வீட்டிலும் பாடியது.

நான்காம் வருடம் ஐப்பசியில், பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மாற்றலாகி வந்த ஞானப்பிரகாசம் வாத்தியார் சைக்கிளில் அந்த வழியே போனார். பாட்டைக் கேட்டதும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுத் தெருவிலேயே நின்றுவிட்டார். பாட்டு முடிந்து வெளியே வந்த தில்லைக்கண்ணாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, உங்களுக்குப் பெரிய மனசு. எங்க மாதா கோயில் பாட்டை உங்க சாமிக்குப் போடுறீங்களே!"

மனிதர் நெகிழ்ந்துபோய்த்தான் சொன்னார். ஆனால் தேங்காய்க்கடை வாசலில் நாலு பேர் நின்றிருந்தார்கள். அன்றிரவுக்குள் செய்தி தர்மகர்த்தா சபாநடேசர் காதுக்குப் போய்விட்டது.

சபாநடேசர் கெட்டவரல்லர். கோயிலென்றால் உயிர். அந்த உயிரில் கை வைத்தாற்போல் துடித்துப்போனார். கேசட்டைப் பிடுங்கித் திருவாபரண அறைப் பெட்டியில் பூட்டினார். மறுநாளே தீட்டுக் கழியப் புண்ணியாகவாசனம் செய்து பிராகாரமெங்கும் தண்ணீர் தெளிக்க வைத்தார்.

"மூணு வருஷமாய்யா! எந்தச் சாமி பாட்டுன்னுகூடத் தெரியாம மூணு வருஷமா எங்க ஐயன் காதுல ஊத்தியிருக்கே. இனிமே குழாய்ப் பக்கம் போனே, காலை ஒடிச்சிருவேன். கூட்டறதுன்னா கூட்டு."

குருக்கள் அப்போது பக்கத்தில்தான் நின்றார். 'சாமவேதம் என்று சொன்னது நான்தான்' என்று அவர் சொல்லவில்லை. தில்லைக்கண்ணாரும் சொல்லவில்லை. "சரிங்கய்யா" என்றார்.

ஊர் சிரித்தது. டீக்கடையில் உட்கார்ந்தால், "என்ன குழாய், இந்த வாரம் பள்ளிவாசலா?" என்றார்கள். அதெல்லாம் அவரைச் சுடவில்லை. அவரைச் சுட்டது வேறொன்று. மூன்று வருடம் கொடுத்தது ஐயனுக்குப் போய்ச் சேர்ந்ததா, இல்லையா? சேர்ந்ததென்றால் தண்ணீர் தெளித்தது ஏன்? சேரவில்லையென்றால், அந்தத் தனிப் பையன் பாடும்போதெல்லாம் தம் நெஞ்சு உருகியதே, அது யார் முன்னால் உருகியது? கூட்டிய இடத்தையே மறுபடி கூட்டுவார். சோற்றில் கை வைத்துவிட்டு எழுந்துவிடுவார். சன்னிதிக்கு நேரே வர வெட்கப்பட்டு, நந்திக்குப் பின்னால் நின்று கும்பிட்டுப் போவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டைத் தேடிப் போனார். தம்மால் வந்த வினை என்று வாத்தியார் கூனிக் குறுகிவிட்டார்.

"அதை விடுங்க வாத்தியாரய்யா. அந்தப் பசங்க என்னதான் பாடுறாங்க?"

"'ஆண்டவரே, எங்கள்மேல் இரக்கமாயிரும்.' அதையேதான் திருப்பித் திருப்பிப் பாடுறாங்க."

"வேற?"

"வேற ஒண்ணுமில்லைங்க."

"எந்த ஆண்டவரு?"

"எங்க கோயில்ல பாடினா எங்க ஆண்டவரு. உங்க கோயில்ல... நான் என்ன சொல்றதுங்க? எனக்குத் தெரியலீங்களே" என்றார் வாத்தியார்.

வந்ததைவிட அதிகக் குழப்பத்தோடு தில்லைக்கண்ணார் வீடு திரும்பினார். கடைசியில் ஒன்று மட்டும் முடிவு செய்தார்: தவறென்றால் அது தம்மோடு போகட்டும், பதிந்து கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிவிட வேண்டும். ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

செக்குக்காரர் பையைப் பார்த்துச் சிரித்தார். "குடுத்ததைத் திருப்பிக் கேக்குற அடியாரை இப்பத்தான்யா பாக்குறேன். போ, போ. அது பாடினாத்தான் என் மாடு நிக்காம சுத்துது."

பூக்கட்டும் செண்பகம் கதவைச் சாத்தாத குறை. "தரமாட்டேண்ணே. வாதத்துல விழுந்த மனுசன், பேச்சு போயி ரெண்டு வருசமாச்சு. அந்தப் பையன் தனியாப் பாடுற எடத்துல மட்டும் இவரு வாயை அசைக்கிறாரு. நீங்க வேற சாமி பாட்டுன்னு சொல்றீங்க. இருந்துட்டுப் போகட்டுமே, அந்தச் சாமியும்தான் வீட்டுக்கு வரட்டுமே."

தபால்காரர் மகன் மட்டும் உடனே கொண்டுவந்து கொடுத்தான். போட்டுப் பார்த்தால் அதன்மேல் சினிமாப் பாட்டைப் பதிந்து வைத்திருந்தான். அன்று துணிப்பையில் சேர்ந்தது அது ஒன்றுதான். செய்த தவறையும் திரும்ப எடுக்க முடியவில்லையே என்று தில்லைக்கண்ணார் தெருவில் நின்றே கலங்கினார்.

இது இப்படி இருக்க, சபாநடேசருக்கு ஒரு கனவு வந்தது. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தவர், கோயில் வாசற்படியில் ஒரு கிழவர் உட்கார்ந்திருக்கக் கண்டார். உடம்பெல்லாம் நீறு. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்காகக் காத்திருக்கீங்க பெரியவரே?"

"சாயங்காலமானாப் பிள்ளைங்க வருவாங்க. இப்ப கொஞ்ச நாளாக் காணலை. நீ பாத்தியா?"

மூன்று நாள் அதே கனவு. மூன்றாம் நாள் கிழவர் எழுந்து தெருமுனைவரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாராம். வந்திருந்தது ஐயன் என்பதில் சபாநடேசருக்குச் சந்தேகமில்லை. எந்தப் பிள்ளைகள் என்பதுதான் விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் விசாரித்தார். டியூசன் பையன்களைக் கேட்டார். கோயில் பக்கம் சாயங்காலத்தில் எந்தப் பிள்ளையும் வருவதில்லை, கிரிக்கெட்டுக்குத்தான் போகிறார்கள் என்றார்கள். கடைசியில் குருக்களிடம் போய்க் கனவைச் சொன்னார். குருக்கள் விபூதித் தட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

"சாயரட்சையில தினம் பிராகாரத்துல நிக்கறவன் தில்லைதான். அவனைக் கேளுங்கோ" என்று மட்டும் சொன்னார். அதற்குமேல் சொல்ல அப்போதும் அவருக்குத் துணிவு வரவில்லை.

தில்லைக்கண்ணார் அப்போது ஒரு காதுகுத்து வீட்டுத் தென்னையில் பாதி உயரத்தில் குழாயோடு இருந்தார். உச்சி வெயிலில் செருப்பில்லாமல் வந்து நின்ற தர்மகர்த்தாவைப் பார்த்து, கால் ஒடிக்கத்தான் வந்துவிட்டார் என்று மரத்தைக் கட்டிக்கொண்டார்.

"தில்லைக்கண்ணு! சாயங்காலம் கோயிலுக்கு வர்ற பிள்ளைங்க யாருய்யா?"

"பிள்ளைங்களா? யாரும் வரமாட்டாங்களே ஐயா."

"வந்திருக்காங்கய்யா! ஐயன் மூணு நாளா என் கனவுல வந்து கேக்குறாரு. 'பிள்ளைங்க வருவாங்களே, ஏன் வரலை'ன்னு வாசல்ல உக்காந்திருக்காரு. நான் எங்கேன்னு போய்த் தேடுவேன்?"

தில்லைக்கண்ணார் கையிலிருந்த கயிறு நழுவியது. குழாய் கீழே விழுந்து உருண்டது. அவர் வழுக்கிக்கொண்டே இறங்கினார், மார்பெல்லாம் சிராய்ப்பு. கோயில் இருந்த திக்கைப் பார்த்து மண்ணில் விழுந்து கும்பிட்டார். எழுந்தபோது முகமெல்லாம் கண்ணீரும் புழுதியுமாக இருந்தது.

"பிள்ளைங்கன்னா சொன்னாரு, ஐயா? தன் வாயாலயே சொன்னாரா?"

"சொன்னாருய்யா. எந்தப் பிள்ளைங்க? எங்கேய்யா இருக்காங்க?"

"நீங்கதானே ஐயா பொட்டியில போட்டுப் பூட்டி வெச்சிருக்கீங்க."

சபாநடேசர் மடியிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தார். விழுந்து கிடந்த குழாயைத் தாமே எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு கோயிலை நோக்கி நடந்தார். அன்று சாயரட்சைக்குப் பிள்ளைகள் வந்தார்கள்.

எந்த ஊர்ப் பிள்ளைகள், என்ன மொழி என்று அறியாமலே அவர்களை ஐயன் வாசலுக்கு அழைத்துவந்த தில்லைக்கண்ணார் திருவடிகளை நாமும் ஒருமுறை நினைத்துக்கொள்வோம்.