பூரணத்தின் மேல் வந்த வாசனை

மழை கண்டு நாளான ஒரு செம்மணல் தேரியில், உடைமரத்தடி மண்ணுக்குள் கட்டெறும்புகள் குடியிருந்தன. அங்கே யார் செத்தாலும், பிண வாசனை வந்த பிறகுதான் அது சாவு என்று கணக்கு. வந்ததும் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைமேட்டில் போட்டுவிடுவார்கள்.

ஒரு நாள் காலையில், பூரணம் என்கிற எறும்பு குஞ்சுகளுக்கு ஊட்ட வயிறு நிறையத் தேன் குடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அவசரத்தில் குப்பைமேட்டுக்குக் குறுக்கே வந்தவள், வழுக்கி ஒரு பழைய பிணத்தின் மேல் விழுந்தாள். அதன் வாசனை மேலெல்லாம் ஒட்டியது தெரியாமல் எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

வாசல் காவலுக்குச் சீனியம்மாள் எப்போதும்போல நின்றிருந்தாள். "வாரேன்க்கா" என்றாள் பூரணம். பதில் இல்லை. உள்ளேயிருந்து இரண்டு பேர் வந்து மோந்து பார்த்தார்கள்.

"அடப்பாவமே, பூரணம் போயிட்டா!"

"எங்கட்டி போனேன்? இந்தா நிக்கேன்!"

"தங்கமான பிள்ளை. நேத்துகூட நல்லாப் பேசிக்கிட்டிருந்தா."

"இப்பவும் பேசிக்கிட்டுத்தான இருக்கேன்!"

"ஏட்டி, செத்தவ மாதிரி நடந்துக்கோ" என்று ஒருத்தி காலைப் பிடித்தாள்.

கொண்டுபோய்ப் போட்டார்கள். அவர்களுக்கு முன்னால் பூரணம் வீடு வந்து சேர்ந்தாள். மறுபடியும் தூக்கினார்கள்.

"குஞ்சுங்க பசியில நெளியுதுகளே! ஊட்டிட்டாவது சாகுதேன், விடுங்கட்டி!"

"பிணம் ஊட்டினா பிள்ளைகளுக்கு ஆகாது. சீனியம்மாக்காவைப் பாரு. ரெண்டு நாளா ஒரு வார்த்தை பேசல, அசையல. எம்புட்டுப் பொறுமை!"

சீனியம்மாள் முந்தாநாளே செத்திருந்தாள். வாசனை இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

குப்பைமேட்டில் பூரணம் முகத்தை மேலே தூக்கினாள். "ஆண்டவா, நான் உயிரோட இருக்கது உனக்காவது தெரியுதா?" என்று அழுதாள். அழுதுகொண்டே ஒவ்வொரு காலாக, முதுகாக, தலையாகத் துடைத்து நக்கிச் சுத்தமானாள். பிறகு வீட்டுக்குப் போனாள்.

"எங்கட்டி போய்த் தொலைஞ்ச?" என்று அதே இருவரும் சத்தம் போட்டார்கள். "குஞ்சுங்க பட்டினி கிடக்கு, ஊர் சுத்திட்டு வாரியே!"

பூரணம் உள்ளே நுழைந்தாள். ஓடிப்போய் ஒவ்வொரு குஞ்சுக்கும் ஊட்டினாள். கடைசிக் குஞ்சு குடித்து முடித்தபோது வாசலிலிருந்து அந்த வாசனை வந்தது.

"பூரணம், சீனியம்மாக்கா இப்பத்தான் போயிட்டா. தூக்கு."

தூக்கினாள். குப்பைமேட்டில் மெதுவாக இறக்கி, தன் மீசையால் அவள் முகத்தைத் தொட்டாள்.

"யக்கா, இருக்கியா?"

கேட்டுவிட்டு, கொஞ்ச நேரம் பதிலுக்குக் காத்திருந்தாள்.