கடலைக் காட்டில் கிடைத்த யவனத் தோடு

கரூருக்குப் பக்கத்தில், அமராவதி ஆற்றை ஒட்டிய ஓர் ஊரில் நடந்த சங்கதி இது. கேட்டு முடித்ததும் ஒரு பெயரைச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. ஆகையால் கொஞ்சம் கவனமாகவே கேளுங்கள்.

மயிலாத்தா, பாவாயியின் கடலைக் காட்டுக்குக் களை வெட்டப் போகிறவள். ஒரு செவ்வாய்க்கிழமை வேலை முடிந்து முகம் கழுவும்போதுதான் இடது காது வெறுமையாக இருப்பது கையில் தட்டுப்பட்டது. கல் வைத்த கம்மல். திருகாணி கொஞ்ச நாளாகவே ஆடிக்கொண்டிருந்ததால் நூல் சுற்றிப் போட்டிருந்தாள். இப்போது நூலும் இல்லை, கம்மலும் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை மகள் பூங்கோதைக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டார் முன்னால் மூளிக் காதோடு நிற்பதை நினைத்ததும் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

பாவாயி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் இறங்கித் தேடினாள். பொழுது சாயும் வரைக்கும் கிடைக்கவில்லை. அன்றைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாள். செடிகள் தலை தொங்கத் தொடங்கியிருந்தன. ஆனாலும் மோட்டாரைப் போடக் கூடாதென்று சொல்லிவிட்டாள்.

"தண்ணி பாஞ்சா மண்ணு மூடிக்கும் மயிலா. கடலை பொறுத்துக்கும், நீ அழுவாத."

சொன்ன கையோடு உள்ளூர் இன்னாசிக்கு ஆள் அனுப்பினாள். இன்னாசி குடிநீர்க் குழாய் வேலை பார்ப்பவர். ரோட்டுக்கு அடியில் புதைந்துபோன இரும்பு மூடிகளைத் தேடுவதற்காக ஒரு மெட்டல் டிடெக்டர் வைத்திருந்தார். மறுநாள் காலை அதைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து, அதன் வட்டத் தட்டை மண்ணுக்கு மேலே ஆட்டியபடி காட்டை அளந்தார். ஓர் ஆணி வந்தது. சோடா மூடி வந்தது. மயிலாத்தா ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடி வந்து, ஒவ்வொரு முறையும் முகம் வாடித் திரும்பினாள்.

வேலியோரம் பெருச்சாளி பறித்துப் போட்டிருந்த மண் குவியல் மேல் தட்டு போனதும் கருவி கீச்சென்று கத்தியது. இன்னாசி விரலாலேயே கிளறினார். ஈர மண்ணுருண்டை ஒன்று. அதன் ஓரத்தில் மஞ்சளாக ஒரு மின்னல்.

"கெடச்சிருச்சு! இந்தாம்மா உன் கம்மலு!" என்று அப்படியே அவள் உள்ளங்கையில் வைத்தார். களைக்காரிகள் கை தட்டினார்கள். "அப்பாடா! மோட்டாரைப் போடுங்கப்பா!" என்று பாவாயி கூவினாள்.

மயிலாத்தா அதைக் கழுவத் தொட்டிக்குப் போனாள். மண் கரையக் கரைய ஒரு குழந்தையின் முகம் வந்தது. சுருட்டை முடி, கொழுகொழுவென்ற கன்னம், முதுகில் ஒரு சிறகு. இன்னொரு சிறகு முறிந்திருந்தது. திருகாணி கிடையாது, மெல்லிய கம்பிக் கொக்கி. ஆனால் பொன் என்னவோ பொன்தான். அவள் தொலைத்ததைவிடக் கனமாகவே இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். அங்கே எல்லார் முகத்திலும் சிரிப்பு. யாருக்கும் சந்தேகம் இல்லை. கையை மூடிக்கொண்டால் போதும். ஆசாரியிடம் கொடுத்தால் உருக்கிப் புதுக் கம்மலே செய்து தந்துவிடுவார். விரல்கள் மூடவும் செய்தன. உள்ளே அந்தக் குழந்தை முகம் உறுத்தியது. இதையும் ஒருத்தி காதைத் தடவிப் பார்த்துவிட்டுப் பதறித் தேடியிருப்பாளே என்று தோன்றியது.

கையை விரித்துக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இது என்னுதில்லீங்க."

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் வேகமாக நடந்தது. பாவாயி அதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் ஒப்படைத்தாள். அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்து பார்த்துவிட்டு, ரோமாபுரியிலிருந்து யவனர்கள் வாணிபத்துக்கு வந்துபோன காலத்துத் தோட்டின் உடைந்த பகுதி என்றார். வெள்ளிக்கிழமை காலை பாவாயி தன் காதிலிருந்த தோடுகளைக் கழற்றி மயிலாத்தாவுக்கு மாட்டிவிட்டு, வெறும் காதோடு நிச்சயதார்த்தப் பந்தியில் பரிமாறினாள். ஞாயிற்றுக்கிழமை இன்னாசி யாரும் கூப்பிடாமலே வந்து, வரப்பில் கிடந்த களைக் குவியலில் மயிலாத்தா தொலைத்த கம்மலைக் கண்டுபிடித்தார்.

அரசு தரும் சன்மானத்தைப் பற்றி அவர்களுக்குள் தகராறே எழவில்லை. தகராறு வேறொன்றில் வந்தது.

"பொருளுக்குப் பக்கத்தில் சின்னதாக ஓர் அட்டை வைப்போம். அதில் 'கண்டெடுத்தவர்' என்று ஒரே ஒரு பெயர்தான் எழுத இடம் இருக்கிறது. யார் பெயரைப் போடட்டும்?" என்று அதிகாரி கேட்டார்.

"அக்கா பேரைப் போடுங்க. அவிய காடு. பயிரு வாடுனாலும் பரவாயில்லைன்னு தண்ணியை நிறுத்துனவிய அவியதான்" என்றாள் மயிலாத்தா.

"நானெங்கே கண்டேன்? இன்னாசி அண்ணன் கருவி கொண்டாரலைன்னா அது மண்ணோட மண்ணா இருந்திருக்கும்" என்றாள் பாவாயி.

"கருவி சோடா மூடிக்குந்தான் கத்துச்சு" என்றார் இன்னாசி. "மயிலாத்தா பேரை எழுதுங்க."

ஆளுக்கொருவரைக் கைகாட்டினார்கள். அதிகாரி பேனாவைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

கேட்டவர்களே, இப்போது நீங்கள் சொல்லுங்கள். காட்டைத் தந்தவள், மண்ணிலிருந்து எடுத்தவர், தனதில்லை என்றவள், இம்மூவரில் யார் பெயர் அந்த அட்டையில் இருப்பது நியாயம்?

விடை: மயிலாத்தாவின் பெயர்தான். காடு இல்லாமல், கருவி இல்லாமல் அது வெளியே வந்திருக்காது என்பது உண்மை. ஆனால் பாவாயியும் இன்னாசியும் தேடியது ஒரு கம்மலை. கிடைத்ததும் கம்மல் என்றே நம்பித் தேடலை முடித்துக்கொண்டார்கள். இன்னாசி எடுத்தார், ஆனால் அது என்னவென்று அவர் காணவில்லை. மயிலாத்தா தலையை ஆட்டியிருந்தால் அந்தக் குழந்தை முகம் ஆசாரியின் உலையில் உருகிப்போயிருக்கும். தொலைந்தது என்றுகூட யாருக்கும் தெரிந்திருக்காது. அது வேறொரு பொருள் என்று கண்டவளும், கண்டதைச் சொன்னவளும் அவள் ஒருத்திதான். அதிகாரியும் அப்படியே முடிவு செய்தார். மயிலாத்தா வெகுநேரம் மறுத்துவிட்டுக் கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டாள்: "அப்படின்னா என் பேருக்கு முன்னால எங்க ஊர்ப் பேரையும் போட்டுருங்க. அதுக்குள்ள இவிய ரெண்டு பேரும் இருந்துக்குவாங்க."