எழுதியவர் வெளியிடக் கூடாது

வேலாயுதம் தேடி வந்தபோது குரு கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தார்.

"ஐயா, ஒரு கேள்வி."

"கேளும்."

"ஒரு வலைப்பூவுக்கு ரெண்டு பேர் எதுக்கு?"

குரு வேட்டியைப் பிழிந்து உதறினார்.

மலையடிவாரத்தில் நான்கு அறைகளும் ஒரு சமையல்கூடமும் இருந்தன. அதுதான் ஆசிரமம். நேரில் வருகிறவர்கள் குறைவு. இணையத்தில் கேட்கிறவர்கள்தான் அதிகம். ஆசிரமத்தின் வலைப்பூவில் யாராவது தன் துயரத்தைப் பின்னூட்டமாக எழுதுவார்கள். சில நாளில் அதற்குப் பதிலாக ஒரு சின்னக் கதை வரும். கதையை எழுதுகிறவர் வேலாயுதம். வாரப் பத்திரிகை ஒன்றில் வெகுகாலம் உதவி ஆசிரியராக இருந்து, அலுத்துப்போய் இங்கே வந்தவர். அவர் எழுதியதை வாசித்து வெளியிடுகிறவள் எஸ்தர். அவள் முன்பு ஒரு போன் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார் கேட்கும் வேலையில் இருந்தவள்.

வலைப்பூவுக்குக் குரு வைத்த விதி ஒன்றே ஒன்று. எழுதியவர் வெளியிடக் கூடாது. ஏனென்று அவர் சொல்லவில்லை.

குரு வேலாயுதத்தைவிட வயதில் இளையவர். அந்த விதி உறுத்தும்போதெல்லாம் வேலாயுதத்துக்கு அது நினைவுக்கு வரும்.

"எஸ்தர் என்ன செஞ்சா?" என்றார் குரு.

"ஒண்ணும் செய்யலை. அதுதான் என் கேள்வியே. நான் ஒரே மூச்சில எழுதினதை அவ ரெண்டு நாள் வாசிக்கிறா. ஒரு கமா சேர்த்ததில்லை, ஒரு கமா எடுத்ததில்லை. 'அண்ணே, இதை யாரு வாசிப்பா'ன்னு கேட்கிறா. எல்லாரும் வாசிப்பாங்கன்னு சொன்னா, 'எல்லாரும்னா யாரு'ங்கிறா."

"சரியாத்தானே கேட்டிருக்கா."

"புகார் எழுதிப் பழகின புத்தி, ஐயா. கண்ணீரோட வந்தாலும் முகவரியும் போன் நம்பரும் கேட்கும்."

குரு சிரித்துவிட்டார். பிறகு, "இப்ப எதை வாசிச்சுக்கிட்டிருக்கா?" என்றார்.

"இப்ப இங்க இல்லை. அப்பாவுக்கு டயாலிசிஸ்னு தென்காசிக்குப் போயிருக்கா. மதிய பஸ்ஸில வருவா."

"வந்ததும் வெளியிடுவா."

வேலாயுதம் கொடியில் கிடந்த துணியைப் பார்த்தார்.

"நேத்தே நான் போட்டுட்டேன், ஐயா."

குரு வாளியைக் கீழே வைத்தார்.

"கேள்வி என்ன?"

வேலாயுதம் போனை நீட்டினார். கை ஈரமாக இருந்ததால் குரு வாங்கிக்கொள்ளவில்லை. வேலாயுதமே வாசித்தார்.

மிலாவின் அம்மா என்ற பெயரில் ஒரு பெண் எழுதியிருந்தாள். குழந்தை பிறந்து மூன்று மாதம். வீட்டுக்காரர் கப்பலில் வேலை. நானும் குழந்தையும் மட்டும்தான். குழந்தை அழுகையை நிறுத்தாதபோது என் கைகளைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது. யாரிடமும் சொல்ல முடியவில்லை. ஐயாவிடம் கேட்டுச் சொல்லுங்கள். நான் நல்ல தாய்தானா?

"எஸ்தர் இதைப் பார்த்தாளா?"

"பார்த்தா. உடனே அந்தப் பின்னூட்டத்துக்குக் கீழே ஒரு வரி போட்டா. 'எந்த ஊரும்மா, நம்பர் தர முடியுமா'ன்னு. அப்புறம் நான் எழுதினதை வாசிச்சா. 'அண்ணே, கடைசியில இருக்கிறதை முதல்ல கொண்டாங்க, ஆரம்பம் இப்படி வேண்டாம்'னா. கதைன்னா முதல்ல ஒரு அடி விழணும், அப்புறம்தான் மருந்து, அதுதான் கதைன்னு நான் சொன்னேன். 'ஊருக்குப் போயிட்டு வந்து பேசுவோம், அதுவரைக்கும் போடாதீங்க'ன்னுட்டுப் போயிட்டா. அந்தப் பொண்ணு பதிலுக்குக் காத்திருக்காளே, ஐயா. எத்தனை நாள் காக்க வைக்கிறது?"

"அதனால போட்டீரு."

"அதனாலயும்தான்." கொஞ்சம் தயங்கினார். "நல்லா வந்திருந்தது, ஐயா. நான் எழுதினதிலேயே இதுதான் நல்லா வந்திருக்கு. படிச்சவங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க. ஒருத்தர் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சுன்னு எழுதியிருக்கார்."

"அந்தப் பொண்ணு?"

"அவ இன்னும் ஒண்ணும் எழுதலை."

சமையல்கூடத்திலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. சமைக்கிற இசக்கியின் ஆண்பிள்ளை. வயிற்று வலிக்காரப் பிள்ளை, ஒரு தடவை தொடங்கினால் லேசில் நிறுத்தாது. அந்த நேரத்தில் வேலாயுதம் எப்போதும் தோப்புப் பக்கம் போய்விடுவார்.

குரு கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். பிள்ளையோடு திரும்பி வந்தார். பின்னாலேயே இசக்கி மாவுக் கையோடு வந்தாள்.

"பிடியும்" என்றார் குரு.

"நானா?"

"பிடியும்."

வேலாயுதம் வாங்கினார். பிள்ளை வில்லாக வளைந்து கத்தியது.

"தலையைத் தாங்குங்கண்ணே. முறுக்குப் பிழியிற மாதிரி பிடிக்காதீங்க" என்றாள் இசக்கி. வாங்கிக்கொள்ளக் கை நீட்டினாள். குரு வேண்டாம் என்று தலையசைத்தார். அவள் தூணில் சாய்ந்து நின்றாள்.

"இப்ப நீரு எழுதினதை வாசியும்."

"இப்பவா? இவன் அடங்கட்டும், ஐயா."

"இப்ப வாசியும்."

வேலாயுதம் பிள்ளையை இடது தோளில் போட்டுக்கொண்டு வலது கையில் போனைப் பிடித்தார். பிள்ளை அவர் காதிலேயே அலறியது. அவர் குரலை உயர்த்தி வாசித்தார்.

"இல்லை. நீ நல்ல தாய் இல்லை. உன் கைகளை நம்பாதே. உன் குழந்தைக்கு ஆபத்து உன்னிடமிருந்துதான்."

"மேல."

அதற்குக் கீழே ஒரு படம் இருந்தது. தரையில் விழுந்த ஒரு பெண்ணின் நிழல். வேலாயுதம் தேடிப்பிடித்துப் போட்ட படம். அதைத் தாண்ட விரலால் தள்ள வேண்டும். பிள்ளை காலால் உதைத்தது. போன் சரிந்தது. நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். மறுபடி எடுத்தபோது பக்கம் முதல் வரிக்கே போயிருந்தது.

"இல்லை. நீ நல்ல தாய் இல்லை. உன் கைகளை…"

பிள்ளை அவர் மூக்குக்கண்ணாடியைப் பறித்தது.

"மேல வாசியும்" என்றார் குரு.

"முடியலை, ஐயா. கண்ணு தெரியலை. ஒண்ணும் ஓடலை. இவன் கத்துற கத்துல…"

அவர் அத்தோடு நிறுத்திவிட்டார்.

பிள்ளை கத்திக்கொண்டேயிருந்தது. இசக்கி, "அதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கீங்கண்ணே?" என்றாள்.

"அந்த மூணு வரியும் அவளோட நிழல் சொல்ற பேச்சு. கீழேதான் அது தெரியும். நிழல் பொய் சொல்லும், பயப்படுறவள்தான் பிள்ளையைக் காக்கிறவள், இப்பவே யாரையாவது பக்கத்தில கூப்பிட்டு வச்சுக்கோன்னு முடிச்சிருக்கேன்."

"நல்லாத்தான் முடிச்சிருக்கீங்க" என்றாள் இசக்கி. அவள் குரலில் கேலி இல்லை. பிள்ளையை வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு உள்ளே போனாள்.

வேலாயுதம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதிவை நீக்கினார். பக்கம் காலியானது.

"எடுத்துட்டேன், ஐயா."

"அவ வாசிச்சதையுமா?"

எஸ்தர் மதிய பஸ்ஸில் வரவில்லை. அதற்கு முன்பே ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினாள். பையைக்கூட இறக்காமல் நேரே கிணற்றடிக்கு வந்தாள்.

"அண்ணே, போட்டுட்டீங்களா?"

வேலாயுதம் தலைகுனிந்து நின்றார்.

"அந்தப் பொண்ணு நம்பர் அனுப்பியிருக்கா. நேத்து சாயங்காலமே அனுப்பியிருக்கா. அப்பாவுக்கு ஊசியை எடுத்ததும் ரத்தம் நிக்கலை, அந்த ஓட்டத்தில நான் போனையே பார்க்கலை. காலையிலதான் பார்த்தேன். அடிச்சுக்கிட்டே வாரேன். எடுக்க மாட்டேங்கிறா."

"மறுபடி அடி" என்றார் குரு.

அடித்தாள். ஒலியைக் கூட்டிவைத்தாள். வெகுநேரம் மணி போன பிறகு ஒரு பெண் எடுத்தாள்.

"யாரு?"

"மிலாவோட அம்மாவா?"

"நான் பக்கத்து வீடு. நீங்க யாரு? நீங்கதான் அந்தச் சாமியார் ஆளுங்களா?"

எஸ்தர், "ஆமாக்கா. அவங்க எங்க?" என்றாள்.

"அவ இங்கதான் இருக்கா. ஆஸ்பத்திரி வராந்தாவில. முந்தானையில ரெண்டு கையையும் சுத்தி ஒளிச்சு வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. நேத்து ராத்திரி பிள்ளையைத் தொட்டில்ல போட்டுட்டு, வெளியே பூட்டிக்கிட்டுப் போயிருக்கா. விடிய விடியப் பிள்ளை அழுதுச்சு. எப்பவும் அழுற பிள்ளைதானேன்னு நாங்களும் இருந்துட்டோம். அழுகை நின்ன பிறகுதான் எங்களுக்குப் பயம் வந்துச்சு. பூட்டை உடைச்சுத்தான் எடுத்தோம்."

"பிள்ளை?"

"டிரிப்ஸ் ஏறுது. கண்ணு திறக்கலை. டாக்டர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறார்."

எஸ்தர் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவளை பஸ் ஸ்டாண்டில கண்டுபிடிச்சோம். ஏண்டி இப்படிச் செஞ்சேன்னு கேட்டா, 'கையை நம்பாதேன்னு ஐயா எழுதியிருக்காங்க. அதான் என் கையைப் பிள்ளைகிட்டேயிருந்து தூரமாக் கொண்டு போயிட்டேன்'ங்கிறா. திரும்பத் திரும்ப அதையேதான் சொல்றா. என்ன எழுத்தும்மா அது? பெத்தவகிட்ட எழுதுற எழுத்தா?"

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "அவ வீட்டுக்காரருக்கு உங்க நம்பரைக் குடுக்கிறேன், அவர்கிட்டப் பேசுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வேலாயுதம் கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கடைசி வரியில எழுதியிருந்தேனே. யாரையாவது கூப்பிடுன்னு எழுதியிருந்தேனே."

எஸ்தர் பையை இறக்கிவைத்து, படிக்கட்டில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொண்டாள்.

மணி அடித்தது. புது நம்பர். கரகரத்த ஓசைக்கு நடுவே ஒரு ஆணின் குரல் கேட்டது. இயந்திரச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல்.

"எவன் எழுதினது அது?"

வேலாயுதம் ஒரு அடி எடுத்துவைத்தார். அவர் பேசுவதற்குள் எஸ்தர் பேசிவிட்டாள்.

"நாங்க எழுதினோம்."

"நாங்கன்னா?"

"நாங்கதான். ரெண்டு பேர். சொல்லுங்க."

அவன் சொன்னான். முதலில் வசவு. அடுத்து அவர்களைச் சும்மா விடமாட்டேன் என்றான். ஊருக்கு வந்ததும் தேடி வருவேன் என்றான். என் பொண்டாட்டி நல்லவளா கெட்டவளான்னு சொல்ல நீங்க யாரு என்றான். எஸ்தர் குறுக்கே பேசவில்லை. ஒவ்வொன்றுக்கும் "ஆமா" என்று மட்டும் சொன்னாள். கரைக்கு வர இன்னும் பல நாள் ஆகும், பிள்ளையைப் பார்ப்பேனா தெரியாது என்று சொன்னபோது அவன் குரல் உடைந்தது. அவள் போனை வைக்கவில்லை. இணைப்பு தானாக அறுந்தது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"நீ ஏன் அப்படிச் சொன்னே?" என்றார் வேலாயுதம். "நீ வேண்டாம்னவ. எழுதினது நான். போட்டது நான்."

"நம்பர் நேத்தே வந்திருச்சுண்ணே. பார்க்காதது நான்."

"அதுவும் இதுவும் ஒண்ணா?"

"தெரியலை. அவர்கிட்டப் போய் யார் தப்பு எவ்வளவுன்னு கணக்கா பிரிக்கிறது?"

வேலாயுதம் அவளைவிட்டு விலகி, குருவின் பின்னாலேயே கொடிக்கு வந்தார். குரு ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து விரித்துக்கொண்டிருந்தார். ஒரு துணி அவர் கையிலிருந்து நழுவி மண்ணில் விழுந்தது. எடுத்தார். உதறினார். மறுபடி அலச வேண்டியிருந்தது.

"ஐயா, நான் இங்கேயிருந்து போயிடுறேன்."

"எங்க?"

"எங்கேயாவது. இனி ஒரு வரி எழுத மாட்டேன்."

குரு அந்தத் துணியைத் தொட்டியில் போட்டார்.

"பதிவுக்கு மேல யார் பேரு இருந்துச்சு, வேலாயுதம்?"

"உங்க பேருதான், ஐயா."

"அப்ப நானும் போகணும். மூணு பேரும் போயிட்டா, அந்த ஆளு அடிக்கிறப்ப யாரு எடுப்பா?"

வேலாயுதம் நின்றார். சமையல்கூடத்தில் இசக்கியின் பிள்ளை அடங்கிப்போயிருந்தது. வேலாயுதம் இரண்டு முறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஐயா, அந்தப் பிள்ளை பிழைக்குமா?"

"தெரியாது."

"பிழைக்கலேன்னா?"

குரு தொட்டிக்குள் கையை விட்டுத் துணியை அலசினார். நீர் கலங்கியிருந்தது.

படிக்கட்டில் எஸ்தர் தனியாக உட்கார்ந்திருந்தாள். போன் அவள் மடியில் கிடந்தது.

"அவ ஏன் நாங்கன்னு சொன்னா, ஐயா? எனக்கு அது தாங்கலை. என்னை மட்டும் சொல்லியிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

"போன் திரும்பவும் அடிக்கும், வேலாயுதம்" என்றார் குரு. "போய் அவ பக்கத்துல உட்காரும்."