அலுமினியம் சிவக்காது

தங்கப்பழம் அண்ணாச்சி இந்தக் கதையைச் சொன்ன நாளிலிருந்தே எனக்கு இதில் சந்தேகம்தான்.

சாராள் டீச்சர் இருந்தது உண்மை. பாளையங்கோட்டையில், தன் வீட்டுக் கார் ஷெட்டில், அவர் வைத்திருந்த சின்ன மிக் வெல்டிங் மெஷினை நானே பார்த்திருக்கிறேன். அண்ணாச்சி அவரிடம் கற்றுக்கொள்ளப் போனதும் உண்மை. முடிவைத்தான் நம்ப முடியவில்லை.

அவர் சொன்னபடியே சொல்கிறேன்.

"டீச்சர், எனக்கு அலுமினியம் ஒட்டச் சொல்லித் தருவியளா?"

"ஊருல பாதி வீட்டு வாசல் கேட்டு நீங்க செஞ்சது. உங்களுக்கு நான் என்னத்தச் சொல்லித் தர?"

"அது இரும்பு."

டீச்சர் அவரைவிடப் பத்து வயது இளையவர். ஒரு பயிற்சி நிலையத்தில் வெல்டிங் சொல்லிக்கொடுத்தவர். அண்ணாச்சியின் கையிலிருந்த துணிப்பையைப் பார்த்தார்.

"பையில என்ன?"

"இட்லிக் கொப்பரை."

அண்ணாச்சியின் மனைவி சொர்ணத்துக்கு அவள் அம்மா கொடுத்த கொப்பரை அது. அடியில் ஓட்டை. தண்ணீர் சொட்டும், அடுப்பு அணையும். "ஊருக்கெல்லாம் ஒட்டுதிய, இதையும் ஒரு கை பாருங்களேன்" என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். "அலுமினியமெல்லாம் ஒரு உலோகமா? புதுசு வாங்கிக்க" என்று இவர் சிரித்திருக்கிறார். பிறகு அவள் சொல்வதை நிறுத்திவிட்டாள்.

ஒருநாள் ஏரலில் கோயில் கொடை விழா என்று பிறந்த வீட்டுக்குப் புறப்பட்டாள். அண்ணாச்சியின் பட்டறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். இவர் ஒரு கேட்டின் மேல் குனிந்திருந்தார். முகத்திலிருந்து வெல்டிங் கண்ணாடியை எடுக்காமலே, "போயிட்டு வா" என்றார்.

கொடை முடிந்தது. அவள் வரவில்லை.

போன் செய்தால் மச்சினன்தான் எடுத்தான். "அக்கா இங்கயே இருக்கேன்னு சொல்லுதா, அத்தான்."

"சண்டையா?" என்று டீச்சர் கேட்டார்.

"சண்டை போட்டிருந்தாத்தான் தெரிஞ்சிருக்குமே. இத ஒட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தா வந்துருவா."

டீச்சர் கொப்பரையை வாங்கி அலமாரியின் மேல் வைத்தார். தரையில் கிடந்த தடித்த அலுமினியத் துண்டுகளைக் காட்டினார்.

"முதல்ல இது."

அண்ணாச்சி தன் பையிலிருந்து கம்பி பிரஷை எடுத்தார். டீச்சர் அதைப் பிடுங்கி வெளியே வைத்தார்.

"இரும்பு தேய்ச்ச பிரஷ் இதத் தொடக்கூடாது."

"பிரஷ்லயும் சாதி பாக்கியளா டீச்சர்?"

"சாதி இல்ல அண்ணாச்சி. பழைய வேலையோட தூசி."

புது பிரஷ் கொடுத்தார். அண்ணாச்சி துண்டைத் தேய்த்தார். மெஷினைப் பிடித்தார்.

"பிடிய உங்க பக்கம் இழுக்காதிய. தள்ளுங்க."

"முப்பது வருசமா இழுத்த கை டீச்சர்."

"அதான் தெரியுதே."

மறுநாளும் போனார். அதற்கடுத்த வாரமும் போனார். ஷெட் முழுக்க ஓட்டை விழுந்த துண்டுகள். ஒருநாள் காலையில் அண்ணாச்சி மெஷின் பிடியைக் கீழே வைத்துவிட்டார்.

"இந்தச் சனியன் என்னை மதிக்க மாட்டேங்குது."

"என்ன செய்யுது?"

"இரும்புன்னா சிவக்கும். சிவந்தா எனக்குத் தெரியும், இனி உருகப்போகுதுன்னு. கைய எடுத்துருவேன். இது சிவக்கவே மாட்டேங்குது. சும்மா இருக்கு, சும்மா இருக்கு, பொறவு பொத்துன்னு விழுந்துருது."

"அது சிவக்காது அண்ணாச்சி."

"சிவக்காமலே உருகுமா?"

"உருகும்."

"அப்போ நான் எப்படித் தெரிஞ்சுக்கிட?"

டீச்சர் ஒரு துண்டை எடுத்து வைத்தார். இருவரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்கள். டீச்சர் மெஷினைப் பிடித்தார்.

"என்ன தெரியுது?"

"ஒண்ணும் தெரியல."

"கிட்ட வாங்க."

"வந்துட்டேன். ஒண்ணுமில்ல."

"இன்னும் கிட்ட."

"மூக்கு வெந்துரும் டீச்சர்!"

"வேகாது. பாருங்க."

அண்ணாச்சி பார்த்தார்.

"ஈரமான மாதிரி… லேசாப் பளபளங்குது. கண்ணு கலங்குத மாதிரி."

டீச்சர் மெஷினை அணைத்தார்.

"அவ்வளவுதான் அண்ணாச்சி. அது அவ்வளவுதான் சொல்லும்."

கதையில் இந்த இடம் வந்ததும் அண்ணாச்சி நிறுத்திவிடுவார்.

அவர் கதை சொன்ன சாயங்காலங்கள் இப்போதும் எனக்குள் இருக்கின்றன. வேலை முடிந்து பட்டறையில் இரும்பு வாசனை அடங்கியிருக்கும். பக்கத்துத் தையல்கடை ரேடியோ பாடிக்கொண்டிருக்கும். இரண்டு டம்ளர் சுக்குக் காபி. அண்ணாச்சி காலி டம்ளரைத் தூக்கி, அதில் ஏதோ இருப்பதுபோல் ஒரு வாய் குடிப்பார்.

"பொறவு?" என்று நான் கேட்பேன்.

"பொறவு என்ன, அன்னைக்குச் சாயங்காலமே கொப்பரைய ஒட்டினேன். மீன் செதில் மாதிரி, ஒண்ணு மேல ஒண்ணு, அப்படி விழுந்துச்சு. ஏரலுக்குக் கொண்டு போனேன். வந்துட்டா."

ஒவ்வொரு முறையும் அதே மீன் செதில். அதே வேகம்.

எனக்கு அங்கேதான் இடிக்கும். காலையில் தடித்த துண்டிலேயே ஓட்டை போட்ட மனுஷன், அன்றைக்கே தேய்ந்துபோன கொப்பரையின் அடியை எப்படி ஒட்டினார்? அந்தச் சின்ன மெஷினில் அவ்வளவு மெல்லிய தகடு நிற்காது, கரைந்துவிடும் என்றுதான் தொழில் தெரிந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொர்ணம் அக்கா திரும்பி வந்தது மட்டும் நிஜம். அதை ஊரே பார்த்தது.

போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அண்ணாச்சி கட்டிலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். கண் பார்வை மங்கிவிட்டது. அக்கா வந்து பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தே அவர் நகர்ந்து, முறத்தை அவள் பக்கம் தள்ளினார்.

"கண்ணு தெரியல, ஆனா எம் முகம் மட்டும் தெரியும்" என்று அக்கா சிரித்தாள்.

பிறகு கொல்லைப்பக்கம் போய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். நானும் கூடவே போனேன். சுவரோரம், இரண்டு செங்கல்லின் மேல், ஒரு இட்லிக் கொப்பரை. அதில் கற்பூரவல்லி தழைத்துக் கிடந்தது. தண்ணீர் ஊற்றியதும் கீழே சொட்டியது.

"அக்கா, இது…"

"எங்கம்மா குடுத்தது."

குனிந்தேன். போதாமல் முட்டி போட்டு, தலையைத் தரைக்குக் கொண்டுபோய் அடியைப் பார்த்தேன். செதில் இல்லை. ஒட்டிய தடமே இல்லை. சின்ன ஓட்டை ஒன்று. அதில் ஒரு துளி திரண்டு, பளபளத்து, விழுந்தது.

உள்ளே வந்து அண்ணாச்சியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் கீரையை உருவிக்கொண்டே இருந்தார். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்குக் கொப்பரைய ஓட்டையோடவா ஏரலுக்கு எடுத்துக்கிட்டுப் போனிய?"