காலிக் கட்டிலின் ரிப்போர்ட்

அந்த அரசு மருத்துவமனைக்கு ஸ்கேன் இயந்திரம் தானாக வரவில்லை. ஊர்ப் பெண்கள் இரண்டு முறை நடுரோட்டில் உட்கார்ந்த பிறகு வந்தது. திறந்து வைத்தவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கிறது. வெயிலில் உட்கார்ந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை.

இயந்திரத்தோடு டாக்டர் மெஹருன்னிசாவும் வந்தார். வயது முப்பத்தாறு. அவரிடம் ஸ்கேன் கற்றுக்கொள்ள வந்த டாக்டர் தணிகாசலத்துக்கு ஐம்பத்து மூன்று. அவர் "மேடம்" என்பார். இவர் "சார்" என்பார். பாடம் அதனால் கெடவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பூரணம் வந்தாள். ஐந்தாம் மாதம். கணவன் லிங்கதுரையோடு இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். முதல் பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள்தான் உயிரோடு இருந்தது. இதயத்தில் கோளாறு என்று போன பிறகுதான் சொன்னார்கள்.

கட்டிலில் படுத்ததும் அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"இதுக்கு நெஞ்சு நல்லா இருக்கா டாக்டர்?"

தணிகாசலம் மூளையைப் பார்த்தார். முதுகெலும்பைப் பார்த்தார். சிறுநீரகங்களைப் பார்த்தார். பிள்ளை முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. எலும்பின் நிழல் இதயத்தை மறைத்தது. துடிப்பு மட்டும் தெரிந்தது. கால் மணி நேரம் முயன்றார்.

வெளியிலிருந்து லிங்கதுரை குரல் கொடுத்தான். "பன்னிரண்டு மணி பஸ்ஸை விட்டா அப்புறம் சாயந்தரம்தான் சார்!"

தணிகாசலம் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து மெஹருன்னிசாவிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

"இதயத்தோட நாலு அறையும் பாத்தீங்களா சார்?"

"துடிப்பு நல்லா இருக்கு மேடம்."

"நாலு அறை?"

"பிள்ளை திரும்பிப் படுத்திருக்கு. ஆனா தப்பா எதுவும் தெரியல."

"நார்மல்னு யார் அடிச்சது?"

"அது கம்ப்யூட்டர்லயே இருக்கும் மேடம். கோளாறு இருந்தா மட்டும் மாத்துவோம். எல்லா இடத்துலயும் அப்படித்தானே."

மெஹருன்னிசா பூரணத்தை வெளியே போய் உட்காரச் சொன்னார். காலிக் கட்டிலின் விரிப்பைச் சரிசெய்தார். கம்ப்யூட்டரில் பெயர் கேட்ட இடத்தில் 'கட்டில்' என்று அடித்தார். பிரிண்ட் கொடுத்தார். வந்த தாளைத் தணிகாசலத்திடம் நீட்டினார்.

"வாசிங்க சார்."

மூளை நார்மல். முதுகெலும்பு நார்மல். இதயத்தின் நான்கு அறைகளும் நார்மல்.

"கட்டிலோட பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல," என்றார் மெஹருன்னிசா. "கையெழுத்துப் போட்டுடவா?"

தணிகாசலத்துக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"அந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றது மேடம்?"

"பாத்ததைப் பாத்தேன்னு சொல்லுங்க. பாக்காததைப் பாக்கலன்னு சொல்லுங்க."

தணிகாசலம் வெளியே போனார்.

"இதயத்தை இன்னும் சரியா பாக்க முடியலம்மா."

பூரணத்தின் முகம் வெளுத்தது. "கோளாறா?"

"அப்படிச் சொல்லல. நல்லா இருக்குன்னும் இன்னும் சொல்லல. பிள்ளை திரும்பணும். ஏதாவது சாப்பிட்டு, கொஞ்சம் நடந்துட்டு வாங்க. அப்பவும் தெரியலன்னா இன்னொரு நாள் வரணும்."

லிங்கதுரைக்குக் கோபம் வந்தது. "டவுன்ல அஞ்சே நிமிஷம். எல்லாம் நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்துடுவாங்க."

"ஆமா," என்றாள் பூரணம். "போன தடவையும் எழுதித்தான் குடுத்தாங்க."

பன்னிரண்டு மணி பஸ் போனது.

அவள் சாப்பிட்டாள், வராந்தாவில் நடந்தாள். திரும்ப வந்து படுத்தாள். பிள்ளை அசையவில்லை. மறுபடி நடந்தாள்.

"அப்பனை மாதிரிதான் இருக்கு," என்றார் நர்ஸ் ஜெபமணி, லிங்கதுரையைப் பார்த்துக்கொண்டே. "சொன்னா திரும்புதா பாரு."

பூரணம் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள்.

மூன்றாவது முறை படுத்தபோது பிள்ளை திரும்பியிருந்தது. ரிப்போர்ட்டில் இருந்த நார்மல்களை எல்லாம் மெஹருன்னிசா அழித்து வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் மறுபடி பார்த்துத் தணிகாசலமே அடித்தார். கடைசியில் இதயம். நான்கு அறைகள். அதிலிருந்து கிளம்பும் இரண்டு பெரிய ரத்தக்குழாய்கள், ஒன்றின் குறுக்கே ஒன்று. போதும் என்று தோன்றிய பிறகும் இன்னொரு முறை பார்த்தார்.

"நல்லா இருக்குமா டாக்டர்?"

"நாலு அறையும் பாத்தேன்மா. சரியா இருக்கு. ஸ்கேன்ல தெரியாததும் சிலது உண்டு. முதல் பிள்ளைக்கு அப்படி ஆனதால இதய டாக்டரும் ஒரு தடவை பாக்கட்டும். சீட்டு எழுதித் தர்றேன்."

"நீங்க பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்."

அவள் தாளை மடித்துக்கொண்டு சாயந்தர பஸ்ஸுக்குப் போனாள்.

தணிகாசலம் காலையில் பூரணத்துக்கு அடித்த முதல் தாளை எடுத்தார். கோப்பில் இருந்த புதிய நகலின் பக்கத்தில் வைத்தார். வரி வரியாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மேடம், ஒரு எழுத்துகூட மாறல. ரெண்டையும் பக்கத்துல வெச்சா, எது பாத்து எழுதினது, எது பாக்காம எழுதினதுன்னு யாருக்குத் தெரியும்?"

மெஹருன்னிசா காலைத் தாளைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

"யாருக்கும் தெரியாது சார். உங்களுக்குத் தெரியும்."